சித்தி போனில் இருந்த பாதிப் பாட்டு

ஒருவருடைய போனில் என்ன பாட்டு இருக்கிறது என்பது அவரைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. காலர் ட்யூன் என்று பேர். நாம் ஒருவரைக் கூப்பிட்டால், அவர் எடுக்கும்வரை, அவர் வைத்திருக்கும் பாட்டு நம் காதில் ஓடும். அவருக்கு ஓடாது. அவர் கையில் இருக்கும் போன் எப்போதும்போல வெறும் மணிதான் அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் பக்திப் பாட்டு வைத்திருந்தார். அரைக் கிலோ ரவை இருக்கிறதா என்று கேட்பதற்குள் ஒரு மலையேறி இறங்கிவிடலாம். அது அவருக்குத் தெரியவே தெரியாது. அவருடைய மகன் விளையாட்டாக வைத்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.

பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் குரல் வரும். இந்தப் பாட்டு உங்களுக்கும் வேண்டுமென்றால் ஸ்டார் பட்டனை அழுத்துங்கள் என்று கொஞ்சும். அழுத்தினால் போதும், அவர் பாட்டு நம் போனுக்கும் வந்துவிடும். அப்படி ஒரு பாட்டு அம்மை போட்ட மாதிரி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தொற்றிக்கொண்டு போகும். இதை ஏன் இத்தனை விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய ரகளை நடந்தது. அதற்கு விதை போட்டவள் நான்.

நாங்கள் வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா தைத்த பனியன் பீஸை வீட்டுக்கு வாங்கிவந்து, தொங்கும் நூல் பிசிரை வெட்டுவாள். அம்மாவின் கடைசித் தங்கை, என் சித்தி, வெள்ளகோவிலிலிருந்து வந்து மூன்று வருஷமாக எங்களோடு இருந்தாள். அவளுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப் லைட் போட்ட மேஜைமேல் பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டுப்போனது எல்லாம் பார்க்க வேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சிவப்பு நிறம், நகத்தளவு இருக்கும். மிச்சம் கிடந்ததை எனக்குக் கொண்டுவந்து தருவாள். என் கணக்கு நோட்டு முழுக்க அம்புக்குறிதான். டீச்சர் போட்ட சிவப்பு மையை விட அதுதான் அதிகம்.

சித்தியைக் கூட்டிப்போகக் கம்பெனி வேன் வரும். டிரைவர் தெற்கத்திக்காரர், தூத்துக்குடிப் பக்கம். வண்டிக் கண்ணாடியில் ஒரு குட்டிச் சிலுவை தொங்கும். அவர் முந்தின நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு மணி, உடனே கட். வண்டி கிளம்பிவிட்டது, முக்குக்கு வந்து நில்லுங்கள் என்று அர்த்தம். யாருக்காவது அன்றைக்கு லீவு என்றால், அவர்கள் அவருக்கு இரண்டு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல், ஒருத்தருக்கும் செலவு வைக்காமல், பதினெட்டுப் பெண்களை நேரத்துக்குக் கம்பெனியில் இறக்கிவிடுவார் அந்த மனுஷன்.

எங்கள் வீட்டில் அந்த மிஸ்டு காலுக்குக் காவல் நான்தான். போன் ஜன்னல் கட்டையில் இருக்கும். ஒரு மணி அடித்ததும், "சித்தி, வேன்" என்று கத்த வேண்டும். அது என் உத்தியோகம்.

ஒரு புரட்டாசியில் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள்ளிருந்தபடியே, "டிரைவர் அண்ணனுக்கு ரெண்டு மிஸ்டு கால் குடுத்துரு கண்ணு" என்றாள். நான் போட்டேன். முதலில் அந்தப் பெண் குரல். அப்புறம் ஒரு பாட்டு. அதற்கு முன்னால் எங்கேயும் கேட்காத பாட்டு. எந்தப் படம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு மணியில் கட் பண்ண வேண்டியவள் முழுப் பாட்டையும் கேட்டேன். நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை போட்டபோது ஸ்டாரை அழுத்தினேன். வாழ்த்துகள் என்றது குரல். எனக்கு வாழ்த்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பின்னாலேயே ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. அதைப் படிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. போனில் கண்ட பட்டனை அமுக்கினால் விரலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்ததால், நான் வாயைத் திறக்கவில்லை.

சித்தி குணமாகி வேலைக்குப் போன முதல் நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். காலையில் மிஸ்டு கால் வந்தது. ஒரு மணி அடித்தது. நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று போயிற்று. நான் "வேன்" என்று கத்தி முடித்த பிறகும் அடித்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒரு வாரத்தில், நான் ஒரு டம்ளர் பாலை ஆற்றிக் குடித்து முடிக்கிறவரைக்கும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சித்தி சீப்பும் கையுமாக வந்து ஜன்னல் பக்கத்தில் நிற்பாள். எடுக்க மாட்டாள். கட்டும் பண்ண மாட்டாள். அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

போன் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அடிக்கட்டும் கண்ணு" என்றாள்.

அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். ஆனால் அது உண்மையிலேயே பாட்டுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே, முந்தின நிறுத்தத்தில், வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு மனுஷன் தன்னுடைய பாட்டு தனக்கே திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளகோவிலிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, சும்மா சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அதட்டுகிற மாதிரி இருக்கும். கெட்டவர் இல்லை. சித்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்ணபுரம் மாட்டுச்சந்தையெல்லாம் சுற்றிக் காட்டியவர். அன்றைக்கு அவர் வந்ததே அம்மாவுக்குத் திருவிழா. அப்பாவைக் கோழிக்கு விரட்டினாள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொம்பில் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். காங்கயம் பக்கத்தில் சித்திக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஜாக்கெட் அளவு கேட்பதற்காகச் சித்தியின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். செக்கிங் பெண்கள் போனை வாசலில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எடுக்க ஆள் இல்லை. அந்த அம்மா மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவையும் பாட்டை முழுதாகக் கேட்டிருக்கிறார். நான்காவது தடவை ஸ்பீக்கரில் போட்டு வீட்டிலிருந்த எல்லாரையும் கேட்கச் சொல்லியிருக்கிறார். அப்புறம் மாமாவைக் கூப்பிட்டு, உங்கள் பெண் மனசில் யாரோ இருக்கிற மாதிரி தெரிகிறது, முதலில் அதை என்னவென்று பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"உன்ற போனுல பாட்டு வெச்சுக் குடுத்தது யாரு?" என்றார் மாமா.

"என்ன பாட்டுங்கண்ணா?" என்றாள் சித்தி.

அவள் நடிக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். என்ன பாட்டென்று கேட்கிறாள் பார் என்று சொல்லி, மாமா தன் போனை எடுத்தார். சித்தியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, நடுவில் கிடந்த பனியன் மூட்டைமேல் வைத்தார். சித்தி மடியில் கிடந்த போன் மணி அடிக்க ஆரம்பித்தது. மூட்டைமேல் கிடந்த போன் பாடியது.

வரச்சொல்லிக் கேட்டதில்லை, வரவேண்டாம் என்றதில்லை,
வழிமீது நிற்பதெல்லாம் உனக்காக என்பதில்லை,
நீ திரும்பிப் பார்த்தாயோ, நிழல்தான் அசைந்ததோ,
கேட்டால் நான் சொல்லிடுவேன், கேளாமல் போனாலோ...

அவ்வளவுதான். அந்த இடத்தில் துண்டாக நின்றுபோகும். முப்பது நொடிக்கு மேல் போன் கம்பெனிக்காரன் தரமாட்டான். நீங்கள் தொடர்புகொண்டவர் பதிலளிக்கவில்லை என்றது பெண் குரல். தொடர்புகொண்டவள் எதிரே நான்கடி தூரத்தில், போனை இரண்டு கையாலும் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆளாளுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். மாமா பாட்டை ஒரு வாக்குமூலம் மாதிரி எடுத்துக்கொண்டார். வழிமீது நிற்கிறாள் என்று வருகிறதே, எந்த வழி? பல்லடம் ரோடா, உள்ரோடா? நிழல் அசைந்தது என்றால் காலை வெயிலா, சாயங்கால வெயிலா? நிற்பது உனக்காக இல்லை என்று பாடும்போதே ஒருத்தன் இருக்கிறான் என்றுதானே ஆகிறது. ஆளே இல்லாவிட்டால் எதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும்? தறிக்காரர் அல்லவா, எந்த இழையை இழுத்தால் எது வரும் என்று அவருக்குத் தெரியும்.

அம்மா அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டாள். கேளாமல் போனாலோ என்றால் எவனோ கேட்காமலே போய்விட்டான், பிள்ளை ஏமாந்து நிற்கிறது என்று முடிவு கட்டி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அடுப்பில் மசாலா அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு யாரும் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது. எதையாவது சொல்லிச் சமாதானம் பண்ணிவிட வேண்டும். அவர் கோழியை ஒரு பையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்றுகொண்டு, இது சாமி பாட்டு மாதிரி இருக்கிறதே என்றார்.

"சாமிப் பாட்டுங்களா மாப்பள?"

"ஆமாங் மச்சா. நாம கூப்புடாமயே வர்றவரு ஆருங்க? முருகந்தானுங்களே."

"முருகன் எதுக்குங்க ரோட்டுல போயித் திரும்பிப் பாக்கறாரு?"

"மயில்ல போறவரு திரும்பித்தானுங்க பாக்கோணும். அதுல என்ன கண்ணாடியா வெச்சிருக்குது?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து அம்மா ஓவென்று அழுதாள். நான் கீழே உட்கார்ந்திருந்ததால் சித்தியின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதோடு அப்பா நிறுத்தியிருக்கலாம். நானும் இரண்டு மூன்று தடவை கூப்பிடும்போது கேட்டேன், நன்றாக இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா கோழியைக் கழுவப் போய்விட்டார்.

அப்போதுதான் சித்தி வாயைத் திறந்தாள்.

"இன்னொருக்கா போடுங்கண்ணா."

மாமாவுக்கு முகம் சிவந்தது. இத்தனை பேர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு தடவை போடச் சொல்கிறாளே, எத்தனை திண்ணக்கம் என்று கேட்டார். ஆனாலும் போட்டார். தனக்கு ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்ற நினைப்பு அவருக்கும் இருந்திருக்க வேண்டும். சித்தி கண்ணை எடுக்காமல் மூட்டைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். நானும் அவளுக்குத் திமிர் என்றுதான் நினைத்தேன். தன் போனில் இருக்கும் பாட்டை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது, அங்கே இருந்த ஒருத்தருக்காவது தோன்றியதா என்றால் இல்லை. லீவு சொல்லப் போட்ட மிஸ்டு கால்களில் அதன் முதல் இரண்டு வார்த்தையை எத்தனையோ தடவை அவள் கேட்டிருப்பாள். யாருடைய பாட்டு என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காலையில் மணி ஏன் நீண்டுகொண்டே போயிற்று என்பதும் அந்த மூன்று தடவைக்குள் அவளுக்கு விளங்கியிருக்கும்.

மாமா தீர்ப்புச் சொன்னார். இப்போதே, தன் கண் முன்னால், அந்தப் பாட்டை எடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். துணிமணியை எடுத்துக்கொண்டு இன்றைக்கே வெள்ளகோவிலுக்குக் கிளம்ப வேண்டும். நாளையிலிருந்து கம்பெனியும் வேண்டாம், வேனும் வேண்டாம்.

சித்தி போய்விடுவாள். அதுவும் நான் அமுக்கின ஒரு பட்டனால். விரல் போனால் போகட்டும் என்று எழுந்து நின்றேன்.

"மாமா, நாந்தானுங்க ஸ்டார் அமுக்குனேன். சித்திக்குத் தெரியாது."

வீடே மூச்சு விட்டது. உண்மையாகவே அந்தச் சத்தம் கேட்டது எனக்கு. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள், ஆனால் அது அடி மாதிரி இல்லை. மாமாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. குழந்தை விளையாட்டில் நடந்ததற்கா நாம் இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணினோம் என்று சொல்லிக்கொண்டே, முதல் தடவையாகச் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். காங்கயத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட அவருக்கு அந்த நிமிஷமே தயாராகிவிட்டது. அந்தப் பக்கத்தில் குழந்தை இல்லாத வீடா, அவர்களுக்குப் புரியும்.

அப்புறம் சும்மா, ஒரு பேச்சுக்கு, என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"யாரு போனுக்குக் கூப்புடும்போது அமுக்குன கண்ணு?"

நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"அவ பொய் சொல்றா" என்றாள் சித்தி. "நாந்தானுங்கண்ணா வெச்சேன்."

மாமாவுக்கு அவள் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. குழந்தை சொல்கிறதே என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காக அது சொல்கிறது, அதற்கு என்ன தெரியும் என்றாள் சித்தி. அவள் குரல் உயரவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் பேசுகிற குரல் அது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அடி விழும் என்று தெரிந்தே ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய் என்கிறாள்.

"அப்ப எடுத்துரு" என்றார் மாமா. குரலில் கெஞ்சல் இருந்தது.

"எடுக்க மாட்டேனுங்கண்ணா."

எழுந்து நின்றுகொண்டாள். அப்புறம் அவள் பேசியது எனக்கு இன்றைக்கும் ஒரு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"நான் ஒரு நாளைக்கு எத்தன பீஸ் பாக்கறேன். ஓட்ட இருக்கற எடத்துலதானுங்க ஸ்டிக்கர் ஒட்டோணும். ஓட்ட இல்லாத பீசுல ஒட்டுனா என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க. நீங்க எல்லாரும் காலைல இருந்து எம்மேல ஒட்டீட்டே இருக்கறீங்க. ஓட்ட எங்கீன்னு ஒருத்தராச்சும் காட்டுங்க பாக்கலாம்."

அப்பா கோழியைக் கழுவிய கையோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"அந்தப் பாட்டுல எனக்கு ஒரு வரிதானுங்க புரிஞ்சுது. கேட்டாச் சொல்லுவேன்னு வருதே, அது. ஜாக்கெட் அளவு கேக்கற வரைக்கும் போயிட்டீங்க. எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலீங்களே."

"செரி, இப்பக் கேக்கறேன். யாரு அவன்?"

"யாருன்னு கேக்கறீங்க. உனக்கு இந்தக் கண்ணாலம் வேணுமான்னு கேக்கலீங்களே."

மாமா அதையும் கேட்டிருக்கலாம். ஒரு வரி. அவரால் முடியவில்லை. அது அவர் தப்பும் இல்லை. அவரையும் யாரும் அப்படிக் கேட்டுக் கட்டி வைக்கவில்லை. கேளாமல் போனாலோ என்பதற்குப் பிறகு என்ன வரும், மீதிப் பாட்டில் என்ன இருக்கிறது, அதையாவது சொல் என்றார். மீதி தெரிந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினார் போலிருக்கிறது.

"பாதிப் பாட்டுக்கு எல்லாரும் அர்த்தம் சொல்லீட்டீங்க" என்றாள் சித்தி. "மீதி எனக்கு. அத நான் பாத்துக்கறேன்."

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டார். அம்மா ஓடிப்போய், ஒரு வாய் உண்டுவிட்டாவது போங்கள் என்று வழியை மறித்தாள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கென்று கறி எடுத்த பிறகு உண்ணாமல் எழுந்து போவது சாதாரணமில்லை. அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. அவர் அப்பாவைப் பார்த்து, உங்கள் வீட்டில் இருக்கிற பிள்ளை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ போனுங்க மச்சா. அடிச்சா அடிக்கட்டும்" என்றார். எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரு சண்டையில் ஒரு பக்கம் நின்றது அந்த ஒரு தடவைதான். அதற்கே அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

மாமா போய்விட்டார். அன்றைக்குக் கோழியை அப்பாவும் சித்தியும்தான் உண்டார்கள். நன்றாகவே உண்டார்கள்.

நான் சித்தியோடு பேசவில்லை. மத்தியானம் அவள் தூங்கும்போது, என் நோட்டிலிருந்து இருக்கிறதிலேயே சிவப்பாக ஒரு அம்புக்குறியை உரித்து அவள் போனின் முதுகில் ஒட்டினேன். குறை இங்கேதான் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியட்டும். என்னைப் பொய்க்காரி ஆக்கினாளே.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தோன்ற வெகு காலம் ஆயிற்று. யார் போன் என்று மாமா கேட்ட நொடியில், என் வாயிலிருந்து ஒரு பேர் விழ இருந்தது. விழுந்திருந்தால், சிலுவை தொங்கும் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அந்தத் தெற்கத்திக்காரர் மறுநாள் ஸ்டியரிங் பிடித்திருப்பாரா என்பது சந்தேகம். அதற்காகச் சொன்னாள் என்று சில வருஷம் நினைத்தேன். பிறகு என்னையும் பெண் பார்க்க ஆள் வந்தார்கள். என்னையும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது வேறு மாதிரி தோன்றியது. யாரோ விளையாட்டாக வைத்த பாட்டுத்தான். ஆனாலும் வைத்தது நான்தான் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அது அவள் பாட்டு. குழந்தை விளையாட்டு என்று அதைத் துடைத்துப் போட அவள் விடவில்லை. இதில் எது சரி என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம். என்னிடம் இருப்பதும் பாதிதானே.

அப்புறம் என்ன ஆயிற்று, அவரையா கட்டிக்கொண்டாள் என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. மீதி எனக்கு என்று அவள் அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வேண்டுமானால் அவளிடமே போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்வாள். மறுநாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது என் உத்தியோகத்தில் சேர்ந்தது.

திங்கட்கிழமை. போன் ஜன்னல் கட்டையில் குப்புறக் கிடந்தது, அம்புக்குறி மேலே தெரிய. மணி அடித்தது. கோபத்தில் நான் கத்தவில்லை. சித்தி தானாகவே வந்தாள், பாதிப் பின்னிய சடையோடு. போனைத் திருப்பிக் கையில் எடுத்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள், உரிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அங்கே எந்த வரி ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். உதடு மட்டும் அசைந்தது. வரச்சொல்லிக் கேட்டதில்லை. வழிமீது. நிழல்தான். அவள் உதடு நின்ற இடமும் பாட்டு துண்டாகிற இடமும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பச்சைப் பட்டனை அமுக்கினாள். போனைக் காதில் வைத்தாள்.

"என்ன கேக்கோணுமோ கேளுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் வண்டி நின்ற இடத்தில் உறுமுவது மட்டும் எனக்கே கேட்டது. நான் பதறிப்போனேன். மிஸ்டு காலை யாராவது எடுப்பார்களா? எடுத்தால் அவருக்குக் காசு போய்விடாதா? மூன்று வருஷமாக ஒழுங்காக நடந்துவந்த ஒரு ஏற்பாட்டை இந்தச் சித்தி மறந்தே போய்விட்டாளே என்று, சண்டையையும் மறந்து, அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கட் பண்ணு சித்தி, கட் பண்ணு. அது வேன் வர்றதுக்கு."